என் சுபாவம் கோளாறா, போன் கோளாறா?

கயல்:
கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு, விடுதியில் இருக்கிறேன். நானும் அறைத்தோழியும் இரவு பத்து மணிக்குப் போனை எடுத்தால் வைக்கப் பன்னிரண்டரை ஆகிவிடும். அவள் யாருக்காவது கமெண்ட் போடுவாள், வாய்ஸ் நோட் அனுப்புவாள், அப்படியே தூங்கிவிடுவாள். நான் யாருக்கும் எதுவும் எழுத மாட்டேன். பள்ளியில் கூடப் படித்தவர்களின் ஸ்டோரியை மட்டும் ஒன்றுவிடாமல் பார்ப்பேன். போன வாரம் அவர்களில் நான்கு பேர் ஊட்டி போயிருக்கிறார்கள். ஒரே ஸ்வெட்டர் நிறத்தில் நால்வரும் நிற்கிற படம். திரும்பத் திரும்பப் பார்த்தேன். தூக்கமே வரவில்லை, காலையில் லேபுக்கும் போகவில்லை. சின்ன வயதிலிருந்தே நான் அதிகம் பேசாதவள். அதனால்தான் இப்படியா?

உளவியல் டீச்சர்:
பேசாத சுபாவத்தில் ஒரு குறையும் இல்லைம்மா. குணத்தை ஐந்து கூறாகப் பிரித்துப் பார்ப்பது உளவியலில் வழக்கம். கலகலப்பாகப் பழகுவது அதில் ஒன்று, சட்டென்று கலங்கிப்போவது வேறொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. பேசாதவர்கள் எத்தனையோ பேர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நீ எழுதியதில் எனக்கு உறுத்துவது, பார்ப்பது மட்டும்தான் உன் வேலையாக இருக்கிறது என்பது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2018இல் வெளிவந்தது. அதில் ஒரு பிரிவினர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் மூன்றையும் நாளுக்குத் தலா 10 நிமிடம் என்று மூன்று வாரம் குறைத்துக்கொண்டார்கள். தனிமை உணர்வு குறைந்தது. முழுக்க விடச் சொல்லவில்லை, பார். தூக்கமின்மை தொடர்ந்தால் அரசின் மனநல உதவி மையமான டெலி மனஸின் 14416 எண்ணுக்குக் கூப்பிடு. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

விடுதி சீனியர்:
நானும் அதிகம் பேசாதவள்தான். மனதைக் கலக்குகிற நாலைந்து பேரின் ஸ்டோரியை மியூட் செய்தேன். அவர்களுக்குத் தெரியவராது, நட்பும் போகாது. அப்புறம் ஒரே ஒருத்திக்கு, "சாப்பிட்டியா?" என்று எழுத ஆரம்பித்தேன். கூட்டத்தில் பேச வராது எனக்கு, ஒருவரிடம் வரும்.

கயல்:
ஊட்டி போனவர்களில் ஒருத்திக்கு நேற்று எழுதினேன். "உனக்குக் கூட்டம் பிடிக்காதேன்னுதான்டி கூப்பிடல" என்றாள். படித்ததும் அழுகை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காந்திபுரம் வரச் சொல்கிறாள். இன்னும் பதில் போடவில்லை. நாம் இரண்டு பேர் மட்டும் என்றால் வருகிறேன் என்று எழுதலாமா?

விடுதி சீனியர்:
எழுதும்மா. இப்போதே எழுது.