பொது நிர்வாகம் பாடம்: சத்துணவுத் துறை அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொது நிர்வாகம் பாடம் எடுக்கிறேன். இந்தப் பாடத்துக்கே தொடக்கம் என்று சொல்லப்படும், 1887-ல் அமெரிக்க அறிஞர் உட்ரோ வில்சன் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கினால் அவர்களுக்கு ஒட்டவில்லை. அதனால் சத்துணவுத் திட்டத்தை வைத்தே விளக்கப் போகிறேன்.

1982-ல் எம்.ஜி.ஆர். அரசு எடுத்தது கொள்கை முடிவு. அது பிள்ளையின் தட்டில் சோறாக விழுவதற்கு எத்தனை பேர் வேண்டும்! அரசாணை, நிதி ஒதுக்கீடு, நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் அரிசி, ஆட்சியர் அலுவலகத்தில் சத்துணவுக்கென்றே ஒரு நேர்முக உதவியாளர், ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.), கடைசியில் சத்துணவு மையத்தின் அமைப்பாளரும் சமையலரும். ஆட்சிகள் மாறியும் அடுப்பு அணையாமல் இருப்பதற்கு இந்த வரிசைதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

இத்துறையில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள் சொல்லுங்கள்: மையத்தின் தினசரிக் கணக்கு எந்த வழியாக மேலே போகிறது? களத்தில் எழுந்த சிக்கலால் விதியே மாறிய அனுபவம் உண்டா? அப்புறம், நிரப்பாத பழைய படிவம் இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். பிள்ளைகளிடம் காட்ட வேண்டும்.