கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்துக்குப் பின் கேன்டர்பரி பல்கலைக்கழகம்: மீண்டும் அந்தக் கட்டடங்களுக்குள் நுழைந்தவர்களின் அனுபவங்கள்

கட்டுமானி எழுதியது:

பேரிடருக்குப் பின் ஒரு பல்கலைக்கழகம் மீண்டெழுந்ததைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புதிய கட்டடங்களின் படங்களைப் போட்டு, செலவான தொகையைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் அந்த ஆண்டுகளில் கட்டடப் பொறியியல் ஆய்வு மாணவனாக இருந்த எனக்கு, அந்தக் கதையில் விடுபட்டுப்போவது வேறொன்றாகத் தோன்றுகிறது. பொறியாளர் ஆய்ந்து பார்த்து அனுமதித்த ஓர் அறைக்குள் ஒருவர் மனம் ஒப்பி நுழைந்து, கதவுக்கு அருகில் இடம் தேடாமல் உட்காருவதற்கு எவ்வளவு காலம் பிடித்தது என்பதுதான் அது. அப்போது அங்கிருந்தவர்களும் பின்னர் வந்தவர்களும் தங்கள் அனுபவத்தை எழுதினால் நன்றாயிருக்கும். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

பின்னணி அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 2010 செப்டம்பர் 4, சனிக்கிழமை அதிகாலை 4.35 மணிக்கு, பல்கலைக்கழகம் இருக்கும் கிறைஸ்ட்சர்ச் நகருக்கு மேற்கே டார்ஃபீல்டு அருகில் 7.1 அளவில் நிலம் நடுங்கியது. ஊர் உறங்கிக்கொண்டிருந்த நேரம் என்பதால் பெரும் உயிரிழப்பு இல்லை. 2011 பிப்ரவரி 22, செவ்வாய்க்கிழமை நண்பகல் 12.51 மணிக்கு வந்த அதிர்வு அளவில் அதைவிடச் சிறியதாக இருந்தாலும், நகரின் அருகிலேயே, மிகக் குறைந்த ஆழத்தில் நிகழ்ந்ததால் 185 பேரின் உயிரைப் பறித்தது. பல்கலைக்கழக வளாகம் இலாம் பகுதியில், நகரின் மேற்கே, ஒப்பளவில் உறுதியான நிலத்தில் இருந்ததால் நகர மையத்தைப்போல நொறுங்கவில்லை. கல்வியாண்டு தொடங்கிய வாரம் அது. புதிய மாணவர்களுக்கு எந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது என்பதே தெரியாத நிலையில் வளாகம் மூடப்பட்டது.

கட்டடங்களின் மேல் இருந்த நம்பிக்கை குலைந்ததற்கு அதிர்வு மட்டும் காரணமில்லை. செப்டம்பருக்குப் பின் நகரெங்கும் கட்டடங்களைப் பார்வையிட்டு வாசலில் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளை ஒட்டினார்கள். பச்சை என்றால் புழங்கத் தடையில்லை, சிவப்பு என்றால் உள்ளே போகக்கூடாது. பிப்ரவரியில் இடிந்து விழுந்து 115 பேரைப் பலிகொண்ட, கேன்டர்பரி தொலைக்காட்சி நிறுவனம் இயங்கிய சிடிவி கட்டடம், செப்டம்பருக்குப் பின் பச்சை அட்டை பெற்றிருந்த கட்டடம். அதன் வடிவமைப்பிலேயே கடுமையான குறைகள் இருந்தன என்று அரச விசாரணை ஆணையம் பின்னர் கண்டறிந்தது. அன்றிலிருந்து பச்சை அட்டையைப் பார்த்தால் யாருக்கும் நிம்மதி வரவில்லை.

எங்கள் துறைக்கு இதில் தனிப்பட்ட சங்கடம் ஒன்றும் இருந்தது. ராபர்ட் பார்க், டாம் பாலே என்ற இரு பேராசிரியர்கள் 1970-களில் இந்தத் துறையில் இருந்துகொண்டுதான், பெரிய அதிர்வு வந்தால் கட்டடத்தின் எந்தப் பகுதி முதலில் வளைந்துகொடுக்க வேண்டும் என்பதைப் பொறியாளரே முன்கூட்டித் தீர்மானிக்கும் வடிவமைப்பு முறையை வளர்த்தெடுத்து உலகுக்கு அளித்தார்கள். உத்தரங்களின் முனைகள் விரிசல்கண்டு ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும், தூண்கள் நிற்கும், உள்ளே இருப்பவர்கள் உயிரோடு வெளியேறுவார்கள் என்பது அதன் சாரம். அம்முறைப்படி ஒழுங்காகக் கட்டப்பட்டவை பிப்ரவரியில் சொன்ன சொல்லைக் காப்பாற்றின. ஆனால் உயிரைக் காத்த கட்டடங்களில் பலவற்றைப் பின்னர் பழுதுபார்க்க வழியின்றி இடிக்க வேண்டியிருந்தது. விரிசல் விழுந்தது வடிவமைப்பின்படிதான் என்று நாங்கள் விளக்கும்போது, கேட்பவரின் முகத்தில் ஐயம்தான் கூடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆய்வகத்தில் விட்டுவந்த கணினியையும் குறிப்பேடுகளையும் எடுக்கச் சிறு குழுக்களாக, தலைக்கவசம் அணிவித்து, துணைக்கு ஒருவரோடு எங்களை அனுப்பினார்கள். எடுக்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டுக்கொண்டு போனவர்கள்கூடக் கைக்கு அகப்பட்டதைப் பையில் திணித்துக்கொண்டு இறங்கினார்கள். ஜூன் 13 அன்று மதியம் அடுத்தடுத்து இரண்டு பெரிய பின்னதிர்வுகள் வந்தன. டிசம்பர் 23 அன்று மீண்டும். பெரிய அதிர்வு ஒவ்வொன்றுக்குப் பிறகும் கட்டடங்களை மூடி, ஆய்ந்து, திறக்க வேண்டியிருந்தது. மக்கள் ஒருமுறை திரட்டிக்கொண்ட துணிவு அத்தனை முறையும் கரைந்துபோனது.

என்னைத் தேற்றியது புதிதாகப் பூசி வண்ணமடித்த சுவர் அன்று. நான் வேலை செய்த தளத்தில் பொய்க்கூரைப் பலகைகளை அகற்றி உத்தரங்களைத் திறந்துவைத்திருந்தார்கள். விரிசல் ஒவ்வொன்றின் முனையிலும் பென்சிலால் கோடிட்டு அருகில் தேதி எழுதியிருந்தார்கள். அடுத்த அதிர்வுக்குப் பின் விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று நானே அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம். மறைத்துவைத்த சேதத்தைவிடத் தேதியிட்ட சேதத்தோடு இருப்பது எளிதாக இருந்தது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

கட்டுமானி அவர்கள் சொல்வது பொறியாளருக்குப் பொருந்தலாம். எனக்கு விரிசலைத் திறந்து காட்டியிருந்தால் அடுத்த நாளே வேலையை விட்டிருப்பேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவள். அக்காலத்தில் நூலகப் பணியில் இருந்தேன். மைய நூலகம் பதினொரு மாடிகள் கொண்ட ஜேம்ஸ் ஹைட் கட்டடத்தில் இருக்கிறது. செப்டம்பர் அதிர்வில் மாடி மாடியாகப் புத்தகங்கள் தரையில் குவிந்தன. விடிவதற்கு முன் நடந்ததால் உள்ளே ஒருவரும் இல்லை. பகலில் நடந்திருந்தால் அலமாரிகளுக்கிடையே நின்றவர்களின் கதி என்னவாகியிருக்கும் என்று அந்தக் குவியலைப் பார்த்தபோது எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பல வாரங்கள் குனிந்து நிமிர்ந்து, முதுகு உடைந்தவற்றைத் தனியே ஒதுக்கி, வரிசை எண்படி அடுக்கினோம். பிப்ரவரியில் திரும்பவும் அதே வேலை வந்து சேர்ந்தது. மேல்மாடியில் நிற்கும்போது ஒரு கனரக வாகனம் தெருவில் போனாலும் கை தானாக அலமாரிச் சட்டத்தைப் பிடிக்கும். அந்தப் பழக்கம் நான் அங்கிருந்து ஓய்வுபெறும்வரை போகவில்லை.

நான் கவலையின்றி உட்கார்ந்த முதல் மூடிய அறை எதுவென்று கேட்டால் சிரிப்பீர்கள்: கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டகம். 2012-இல் பல்கலைக்கழகத்தின் மொழியியல் ஆய்வாளர்கள் அப்படியொரு பெட்டகத்தை ஒலிப்பதிவு அறையாக மாற்றி, குவேக்பாக்ஸ் என்று பெயரிட்டு, நகரின் பல இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். எவரும் உள்ளே சென்று தங்கள் நிலநடுக்க அனுபவத்தைத் தாம் விரும்பிய மொழியிலும் சொல்லலாம். நூற்றுக்கணக்கானோர் சொன்னார்கள். கிறைஸ்ட்சர்ச் மக்களின் பேச்சு எப்படி மாறிவருகிறது என்பதை ஆராய அவர்களுக்கு அது தரவு. எங்களுக்கு, இடைமறிக்காமல் கேட்கும் ஒரு செவி. ஆங்கிலப் பேராசிரியர் பால் மில்லர் முன்னின்று தொடங்கிய சீஸ்மிக் என்ற இணைய ஆவணக் காப்பகத்தில் இவையும் ஒளிப்படங்களும் கடிதங்களும் சேர்ந்திருக்கின்றன. தரையில் கிடந்த ஏடுகளை எடுத்து அடுக்கிய எனக்கு, பல்கலைக்கழகம் தன் ஊரின் பேச்சையும் அப்படி எடுத்து அடுக்கியது மிகப் பெரிய காரியமாகப் பட்டது.

கிள்ளான்காரி எழுதியது:

அக்கா எழுதியதைப் படித்த பின் நானும் எழுதத் துணிந்தேன். மலேசியாவிலிருந்து படிக்கப் போன எனக்கு 2011 பிப்ரவரியில் இரண்டாம் ஆண்டு தொடங்கியிருந்தது. மார்ச் நடுவில் வகுப்புகள் திரும்பத் தொடங்கியபோது விரிவுரை மண்டபங்களில் பல மூடியே இருந்தன. வாகன நிறுத்துமிடங்களில் பெரிய வெள்ளைக் கூடாரங்களை எழுப்பி அவற்றில் பாடம் நடத்தினார்கள். காற்றடித்தால் துணி படபடக்கும், விரிவுரையாளரின் குரல் பின்வரிசைக்கு எட்டாது, இலையுதிர்காலம் முற்றியபோது கையுறையோடு குறிப்பெடுத்தோம். ஆனாலும் தலைக்கு மேல் கான்கிரீட் இல்லை என்ற ஒரே காரணத்தால் நான் அங்கே முழு மனத்தோடு பாடம் கேட்டேன். பிறகு, ஆயத்தமாகச் செய்து கொண்டுவந்து இறக்கிய அறைகளால் கர்க்வுட், டவ்டேல் என்று இரண்டு சிற்றூர்களே வளாகத்தில் உருவாயின. பழைய மண்டபத்துக்குத் திரும்பலாம் என்று அறிவித்த நாளில் எங்கள் வகுப்பில் கைதட்டலும் எழுந்தது, முணுமுணுப்பும் எழுந்தது.

கூடாரத்துக்கு முந்தைய வாரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகரின் கிழக்குப் பகுதிகளில் தெருக்களும் தோட்டங்களும் சாம்பல் நிறச் சேற்றில் புதைந்திருந்தன. கடற்கரையில் ஈர மணலைக் காலால் தட்டினால் நீர் மேலே கசிந்து மணல் குழைவதைப் பார்த்திருப்பீர்கள். நீர் நிறைந்த தளர்ந்த மண் அடுக்குகள் குலுங்கும்போது மணல்துகள்களுக்கிடையே நீரின் அழுத்தம் ஏறி, துகள்கள் ஒன்றையொன்று தாங்குவதை விட்டு, மண்ணே திரவம்போலப் பீறிட்டு மேலே வந்துவிடுகிறது. செப்டம்பரிலேயே சாம் ஜான்சன் என்ற மாணவர் ஃபேஸ்புக் வழியே கூட்டிய மாணவர் தொண்டர் படை, பிப்ரவரிக்குப் பின் பத்தாயிரம் பேரைத் தாண்டி வளர்ந்தது. பேருந்தில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். ரப்பர் பூட்ஸ், மண்வாரி, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி. முதியவர் ஒருவரின் வீட்டு முற்றத்தை நாங்கள் வழித்துக்கொடுத்த பிறகு, அவர் எங்களுக்குத் தேநீர் போட்டுத் தர முடியவில்லையே, குழாயில் தண்ணீர் இல்லையே என்று திரும்பத் திரும்ப வருந்தினார்.

அண்ணா கேட்ட கேள்விக்கு என் பதில் இந்த வேலையில்தான் இருக்கிறது. பல்கலைக்கழகம் மூடிக்கிடந்த வாரங்களில் அறைக்குள் முடங்கி, ஒவ்வொரு பின்னதிர்வின் அளவையும் இணையத்தில் தேடிக்கொண்டிருந்த என் தோழியர் சிலர் ஊர் திரும்பி, வேறிடத்தில் சேர்ந்துவிட்டார்கள். அது தவறில்லை, ஆக்ஸ்போர்டுகூட எங்கள் மாணவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோரை ஒரு பருவத்துக்கு ஏற்றுக்கொண்டது. என்னோடு சேறு வழித்தவர்களில் எனக்குத் தெரிந்து எவரும் போகவில்லை.

கோவைத் தந்தை எழுதியது:

மாணவனாகவோ ஊழியராகவோ இல்லாத ஒருவனின் பக்கத்தையும் எழுதுகிறேன். 2012-இல் என் மகனுக்கு அங்கே இடம் கிடைத்தது. சிடிவி கட்டடத்தில் மாண்டவர்களில் பலர் ஆங்கிலம் படிக்கப் பல நாடுகளிலிருந்து வந்திருந்த இளையவர்கள் என்பதைப் படித்திருந்ததால், நானும் என் மனைவியும் அவனைப் போகவிடவில்லை. அவன் வேறு நாட்டில் படித்தான். பல்கலைக்கழகத்தின் மாணவர் எண்ணிக்கை பல ஆண்டுகள் சரிந்தே இருந்தது என்றும், அதனால் வருவாய் குறைந்து துறைகள் தவித்தன என்றும் பின்னர் அறிந்தேன். மண்டபங்களைத் திறந்துவிடலாம், எங்களைப்போல ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் உணவு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுத்த குடும்பங்களின் கதவைத் திறக்க அவர்களிடம் எந்த அட்டையும் இருக்கவில்லை. அன்று எடுத்த முடிவை இன்றும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

புதுவரவு எழுதியது:

நான் 2019-இல் முதுமுனைவர் ஆய்வுக்காக இங்கு வந்தவன். அரசு 260 மில்லியன் டாலர் வரை தருவதாக ஒப்புக்கொண்டதன் பயனாக எழுந்த அறிவியல் கட்டடங்களையே முதலில் பார்த்தேன். இது கேன்டர்பரி கல்லூரியாக இருந்த காலத்தில் இங்கு படித்து, பின்னர் நோபல் பெற்ற எர்னஸ்ட் ரதர்ஃபோர்டின் பெயரில் 2018-இல் திறக்கப்பட்டது ஒன்று. இங்கு பயின்ற வானியலாளர் பீட்ரிஸ் டின்ஸ்லியின் பெயரில், மரச் சட்டகங்களால் எழுப்பப்பட்டது மற்றொன்று. மாணவர் சங்கத்தின் பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, ஹாயரெ-ரோவா என்ற மாவோரிப் பெயரோடு புதியது வந்திருந்தது. செப்டம்பர் அதிர்வில் உடைந்த கிரேக்கக் கலங்களை ஒட்டவைத்து, நகரில் பல்கலைக்கழகத்தின் பழைய வளாகமான கலை மையத்தில் டீஸ் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஒட்டிய கோடுகளைத் தேடிப் பார்ப்பது என் வழக்கம். மாணவர் எண்ணிக்கையும் மீண்டு வளர்ந்துவிட்டது.

எனக்கு அச்சம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் பழைய ஊழியர்கள் கூட்டத்துக்கு வந்தால் எங்கே உட்காருகிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன். ஐயா, ஒரு கேள்வி. நான் குடியிருக்கும் அடுக்ககத்துக்குப் புதிய கட்டடத் தரத்தில் இத்தனை விழுக்காடு என்று மதிப்பீடு தந்திருக்கிறார்கள். அதை எப்படிப் புரிந்துகொள்வது?

கட்டுமானி எழுதியது:

முதலில் ஏட்டுச்சுவடி அம்மாவுக்கு: விரிசலைக் காட்டுவது எல்லாரையும் தேற்றும் என்று நான் எண்ணியிருந்தேன், நீங்கள் எழுதியது என்னை யோசிக்க வைத்துவிட்டது.

புதுவரவுக்கு: அந்த விழுக்காடு நீங்கள் பிழைப்பதற்கான வாய்ப்பின் அளவு அன்று. அதே இடத்தில் இன்று ஒரு புதிய கட்டடம் எழுப்பினால் சட்டம் எதிர்பார்க்கும் குறைந்தபட்ச வலிமையோடு உங்கள் கட்டடத்தை ஒப்பிட்ட கணக்கு அது. 34-க்குக் கீழே மதிப்பிடப்பட்டு, உள்ளாட்சி அமைப்பும் நிலநடுக்க ஆபத்துள்ளது என்று தீர்மானித்துவிட்டால், கட்டடத்தில் அதற்கான அறிவிப்பை ஒட்டியாக வேண்டும். பலர் கவனிக்கத் தவறுவது வேறொன்று: மதிப்பெண், கட்டடத்தின் மிக நலிந்த உறுப்பைப் பொறுத்தே அமைகிறது. அந்த உறுப்பு ஒரு தூணாக இருக்கலாம், வெளிச்சுவரில் மாட்டிய கான்கிரீட் பலகையாக இருக்கலாம், மாடிப்படியாகவும் இருக்கலாம். பிப்ரவரி அதிர்வில் நகர மையத்தில் இருந்த ஃபார்சித் பார் என்ற அலுவலகக் கோபுரம் விழவில்லை. அதன் மாடிப்படிகள் விழுந்ததால் மேல்தளங்களில் இருந்தவர்கள் இறங்க வழியின்றிச் சிக்கிக்கொண்டார்கள். ஆகவே எண்ணை மட்டும் கேட்காமல், விரிவான மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கப் பக்கத்தைக் கட்டட உரிமையாளரிடம் கேளுங்கள். எந்த உறுப்பு மதிப்பெண்ணை இறக்கியது, அதை எப்போது வலுப்படுத்தப் போகிறார்கள் என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும்.