களி கிண்டத் தெரியாத மருமக நான்... உங்க களி அனுபவத்தையும் சொல்லுங்க

டெல்டாக்காரி:
கல்யாணமாகி ஏழு வருஷம், இத வீட்டுக்காரர்கிட்ட கூட முழுசா சொன்னதில்ல. நான் தஞ்சாவூர் பக்கம், அவரு தர்மபுரி பக்கத்துல ஒரு கிராமம். மறுவீடெல்லாம் முடிஞ்சு மதியம் உக்காந்தா தட்டுல கேவுரு களி (அங்க கேழ்வரகுன்னு சொன்னா சிரிப்பாங்க), நடுவுல குழி பண்ணி கீரை கடைசல் ஊத்தி, மேல ஒரு சொட்டு நல்லெண்ணெய். நான் சோறு பெசையிற மாதிரி மொத்தத்தையும் பெசஞ்சிட்டேன். வாயில போட்டு மென்னா அண்ணத்துல ஒட்டுது, பல்லுல ஒட்டுது, கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அத்தை ஒரு வார்த்த சொல்லல, எந்திரிச்சுப் போயி குக்கர வெச்சாங்க. அன்னியிலேர்ந்து எப்ப ஊருக்குப் போனாலும் எல்லாருக்கும் களி, எனக்கு மட்டும் தனியா சுடுசோறு. நானும் அப்பாடான்னு சாப்ட்டுட்டு வந்துட்டேன், கத்துக்கவே இல்ல.

போன மாசம் அத்தை வழுக்கி விழுந்து இடது தோள்ல கட்டு, இப்ப சென்னைல எங்ககூட இருக்காங்க. நாலாம் நாளு "வாய்க்கு ஒண்ணும் புடிக்கலடா, துளி களி இருந்தா நல்லாருக்கும்"னு அவங்க பையன்கிட்ட சொல்லிருக்காங்க. என்கிட்ட இல்ல. சரின்னு நானே வீடியோ பாத்து கிண்டினேன். முருங்கைக்கீரைய பருப்பு, பச்சமொளகா, பூண்டு போட்டு வேகவெச்சு கடைஞ்சது என்னவோ நல்லா வந்துச்சு. களிதான் ஒரே கட்டி. அத்தை சாப்பிடச் சாப்பிட கையில தட்டுப்பட்ட மாவுக்கட்டிய ஒவ்வொண்ணா எடுத்து தட்டு ஓரத்துல வரிசையா வெச்சாங்க. பதினொண்ணு, எண்ணினேன். கடைசில "நல்லாருக்குதும்மா"ன்னு சொல்லிட்டு தட்ட எடுக்கப் போனாங்க, ஒத்தக் கையோட. அந்தப் பதினொரு கட்டியும் கண்ணு முன்னாடியே நிக்குது.

மெஜஸ்டிக் பஸ்ஸ்டாண்ட்:
அக்கா நீங்க மட்டும் இல்ல. பெங்களூர் வேலைக்குப் போன புதுசு, மைசூர் ரோட்டுல ராமநகரம் தாண்டி ஒரு சின்ன மெஸ், ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் நாட்டுக்கோழி சாருக்காகப் போனாங்க, நான் சைவம், அதனால எனக்கு முத்தேயும் (அங்க களி உருண்டைக்கு அதான் பேரு) சொப்பினசாரும். சொப்புன்னா கீரை, நம்ம கீரைக்குழம்பு மாதிரிதான். அளவான உருண்டைன்னு நெனைக்காதீங்க, கிரிக்கெட் பால விடப் பெருசு. நான் ஸ்பூன் கேட்டேன். கேட்டது ஒரு தப்பா? சப்ளையர் கல்லாவப் பாத்தாரு, கல்லா என்னயப் பாத்தாரு, ஸ்பூன் வந்துச்சு, குத்துனேன், ஸ்பூன் அதுலயே நின்னுது. எதிர்த்தாப்ல ஒரு பெரியவர், வேட்டி துண்டோட, பேசவே இல்ல, என் கண்ணப் பாத்துக்கிட்டே அவரு உருண்டைல எலுமிச்ச அளவு கிள்ளி, சாருல ஒரு பொரட்டு பொரட்டி, வாயில போட்டு, தொண்ட மட்டும் அசைஞ்சது. அவ்வளவுதான். திரும்ப ஒரு தடவ, மெதுவா, எல்கேஜி பிள்ளைக்குச் சொல்லித் தர்ற மாதிரி. நானும் முழுங்கினேன். எறங்குச்சு! நிமிந்து பாத்தா அவரு கை கழுவப் போய்ட்டாரு. ஒரு தேங்க்ஸ் கூட சொல்லல நான், சொல்லிருந்தாலும் கன்னடத்துல என்னனு சொல்றது.

நிதானமா மெல்லுங்க:
எல்லாருக்கும் வணக்கம், ஒரு விஷயம் மட்டும். மெல்லாம முழுங்குறத பெருமையா எழுதாதீங்க ப்ளீஸ். மாவுச்சத்து செரிக்கிறது வாயில எச்சில்லயே ஆரம்பிக்குது. என் கஸின் ஒருத்தன் பந்தயம் கட்டி முழுங்கி தொண்டைல நின்னு, முதுகுல தட்டி தட்டி, நாங்க அன்னிக்கு பட்ட பாடு. வயசானவங்க வேற இருக்கீங்க.

தொப்பூர் லாரி:
@நிதானமா மெல்லுங்க பந்தயத்துல இட்லிய முழுங்கினாலும்தான் நிக்கும். களிய கொழம்புல பொரட்டி சின்னதா கிள்ளிப் போடுறதே வழுக்கிக்கிட்டு எறங்கத்தான், எங்க பாட்டி கடைசி வரைக்கும் பல்லு இல்லாமயே சாப்ட்டுச்சு.

என் கதை வேற. நான் படிக்கிறப்ப எங்க ஊர்ல அரிசிச்சோறு கட்டிட்டு வந்தாதான் கெத்து. எங்கம்மா தூக்குல களியும் அவரைக்கொட்டை கொழம்பும் குடுத்து விடும். நான் மத்தியானம் பசங்களுக்குத் தெரியாம புளியமரத்துக்குப் பின்னால கொட்டிட்டு காலி தூக்கோட போவேன், வாரக்கணக்குல இது நடந்துச்சு. ஒருநாள் அம்மா நூறுநாள் வேலை... இல்ல அப்ப அது வரல, வேற ஏதோ கூலி வேலைக்கு அந்தப் பக்கமா வந்துருக்கு. நான் திரும்புறேன், அம்மா நிக்குது. காக்கா எல்லாம் அந்த உருண்டைய கொத்துது. அம்மா காக்காவதான் பாத்துச்சு, என்னய பாக்கல. மறுநாள் தூக்குல சோறு இருந்துச்சு, அரிசிய யார் வீட்டுல கடன் வாங்குச்சுன்னு இன்னி வரைக்கும் நான் கேக்கல.

இதுல வேடிக்கை என்னன்னா 2023ல எங்க தர்மபுரி மாவட்டத்துலயும் நீலகிரிலயும் ரேஷன்ல 2 கிலோ அரிசிக்குப் பதிலா 2 கிலோ கேவுரு குடுக்குறோம்னாங்க. சத்துள்ள சாப்பாடாம். கார்ல வந்து வாங்கிட்டுப் போறாங்க இப்ப.

மண்சட்டி மங்கை:
டெல்டாக்காரி, நீங்க மாவ கொதிக்கிற தண்ணில கொட்டின ஒடனே கிண்டிருப்பீங்க, எழுதித் தர்றேன் பாருங்க. நானும் மொதல்ல அப்படித்தான் பண்ணி மாமனார் "இது களியா கல்லா"ன்னு கேட்டாரு, என் கதை அவ்ளோதான். இப்ப கேளுங்க. ஒரு டம்ளர் மாவுக்கு ரெண்டரை டம்ளர் தண்ணி. மொதல்ல ஒரு கைப்பிடி நொய்யரிசிய அந்தத் தண்ணில போட்டு கொழைய வேகவிடணும், நொய் இருந்தா களி கொஞ்சம் சொரசொரப்பா நிக்கும், பழக்கமில்லாதவங்களுக்கு ஒட்டாது. உப்பு போடுங்க. ஒரு ஸ்பூன் மாவ தனியா பச்சத்தண்ணில கரைச்சு மொதல்ல ஊத்திட்டா கட்டி தட்டுறது பாதி கொறையும். அப்பறம் மீதி மாவ நடுவுல கோபுரமா கொட்டி, தொடாதீங்க, கரண்டிக்காம்பால நடுவுல ஒரே ஒரு ஓட்டை குத்துங்க, அந்த ஓட்டை வழியா தண்ணி பொங்கி மாவு மேல வரும். அடுப்ப கொறச்சு மூடி அஞ்சாறு நிமிஷம். இதுதான் எல்லாரும் பொறுமையில்லாம கோட்ட விடுற எடம். அதுக்கப்பறம் எறக்கி வெச்சு துடுப்பால கிண்டணும், அடிலேர்ந்து சட்டி பக்கமா அழுத்தி அழுத்தி, கட்டி இருந்தா ஓரத்துல வெச்சு நசுக்கிரணும். ஊர்ல சட்டி நகராம இருக்க கவட்டை மாதிரி கட்டை வெச்சு மிதிச்சுப்பாங்க, ஃப்ளாட்ல எங்க போறது, ஈரத்துணிய மடிச்சு அடில போட்டு ஒருத்தர இடுக்கியால புடிக்கச் சொல்லுங்க. திரும்ப சின்னத் தீயில ரெண்டு நிமிஷம். வெரல தண்ணில நனைச்சு களியத் தொடுங்க, ஒட்டலன்னா வெந்துருச்சு, ஒட்டினா இன்னும் மூடி வைங்க. ஈரத்தட்டுல கொட்டி ஈரக்கையால சூட்டோட உருட்டிரணும், ஆறினா வெடிக்கும். மிஞ்சினா தண்ணில போட்டு வெச்சு காலைல கரைச்சு உப்பு, சின்ன வெங்காயம், மோர் வேணாம்னா நீராகாரமே ஊத்திக்கலாம். அப்பறம் அத்தைக்கு எலும்புதான அடிபட்டுருக்கு, பாலுல நூறு கிராமுக்கு 120 மில்லிகிராம் கால்சியம்னா கேவுருல 300க்கு மேல, தெனம் குடுங்க.

பாஸ்டிங் 240:
மங்கை மேடம் அந்த 300 காஞ்ச மாவுக்கு. உங்க கணக்குப்படியே ஒண்ணுக்கு ரெண்டரை தண்ணின்னா ஒரு உருண்டைல முக்காவாசி தண்ணிதான, அத யாரு கழிக்கிறது. சும்மா நம்பரப் போட்டு கெளப்பாதீங்க, எங்கப்பா இப்படித்தான் ஏமாந்தாரு. சுகருக்கு கேழ்வரகு நல்லதுன்னு வாக்கிங்ல எவரோ சொல்ல, காலைல கஞ்சி (மாவ நைசா அரைச்சு கூழா காச்சி, பெரிய சொம்பு), மதியம் ரெண்டு களி, ராத்திரி கேழ்வரகு தோசை நாலு. மாத்திரைய வேற அவரா பாதியாக்கிட்டாரு. மூணு வாரம் கழிச்சு லேப் ரிப்போர்ட்ட கண்ணாடி இல்லாம கைய நீட்டிப் புடிச்சுப் படிச்சாரு, "இருநூத்தி நாப்பதா, இது வேற யாரோடதோ"ன்னு கவர்ல பேரத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அந்த மொகம் மறக்கல. கேழ்வரகும் மாவுச்சத்துதாங்க, ஒரு உருண்டையோட நிறுத்தி கீரையும் பயறும் அதிகமா வெச்சா சரி. அளவுதான் மேட்டர்.

மண்சட்டி மங்கை:
நான் என்ன மாத்திரைய நிறுத்தச் சொன்னேனா.

பனங்கிழங்கு:
நாங்கள் யாழ்ப்பாணம், எங்களுக்கு இது குரக்கன். களி தெரியாது, பிட்டுதான். தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை நேரம் கோதம்பமா இல்ல, சீனி இல்ல, அப்பம்மா குரக்கன் மாவக் குழைச்சு, தேங்காப்பூ போட்டு, நீத்துப்பெட்டியில (பனையோலையில பின்னின, பிட்டு அவிக்கிற பெட்டி) அவிச்சுத் தருவா. எனக்கு அந்த நிறமே பிடியாது, மண்ணச் சாப்பிடுற மாதிரி எண்டு அழுதனான். ஒருநாள் அவ தன்ர கோப்பையில கிடந்த தேங்காப்பூவ எல்லாம் பொறுக்கி என்ர பிட்டுக்கு மேல போட்டு வெள்ளையாக்கிப்போட்டு "இந்தா, இப்ப அரிசிமாப் பிட்டு" எண்டா. நான் நம்பினனான். இப்ப இஞ்ச கனடாவில ஒரு பைக்கற் குரக்கன் மா விக்கிற விலையப் பாத்தா சிரிப்பா இருக்கு.

டெல்டாக்காரி:
எல்லாத்தையும் படிச்சேன், பனங்கிழங்கு உங்களது படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஃபோன கீழ வெச்சிட்டேன். மங்கை அக்கா, நேத்து உங்க மாதிரியே பண்ணேன், நொய் போட்டு. அவரு இடுக்கியால சட்டியப் புடிச்சாரு, ரெண்டு பேருக்கும் வேர்த்து ஊத்துது, அடுப்பு பூரா மாவு. கிண்டிட்டு இருக்கேன், அத்தை பின்னால வந்து நின்னது தெரியல, அவங்களே வெரல சொம்புத் தண்ணில நனைச்சு தொட்டுப் பாத்தாங்க. "இன்னும் ரெண்டு நிமிஷம் மூடி வெய்யி கண்ணு." ஏழு வருஷத்துல எனக்கு சமையல்ல ஒண்ணு சொன்னது அதான் மொத தடவ.

தட்டு ஓரத்துல இந்தத் தடவ ரெண்டு கட்டி. எனக்கு சோறு வெக்கவான்னு கேட்டாங்க, வேணாம்னுட்டேன். பாதி உருண்டை முழுங்கினேன், மீதிய மென்னுதான் சாப்ட்டேன், அத்தை பாக்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. உப்பு கம்மியாம்.