புதுப்பிப்பு: வி-சாக் கிரெடிட் கணக்கு, மறுபரிசீலனை

லினக்ஸ் கர்னலில், விர்ச்சுவல் மெஷினுக்கும் (விஎம், அதாவது கெஸ்ட்) அதை ஓட்டும் கணினியான ஹோஸ்டுக்கும் இடையே தரவு கடத்தும் விர்ட்டியோ வி-சாக் நிரலில், அனுப்பும் பக்கம் எவ்வளவு பைட் அனுப்பலாம் என்று கணக்கிடும் இடத்தை முன்பு பார்த்தோம். கடலூர் தம்பி ஒருவர் கேட்டார்: "கழித்தல்தானே அண்ணா, அதில் என்ன போய்விடும்?"

போவது இங்கேதான். எதிர்ப்பக்கம் சொன்ன பஃபர் (வந்த தரவு படிக்கப்படும்வரை தங்கும் இடம்) அளவிலிருந்து, அனுப்பியும் இன்னும் படிக்கப்படாத பைட்களைக் கழித்தால் மீதிதான் கிரெடிட். இயல்பு பஃபர் 256 கேபி. 200 கேபி படிக்கப்படாமல் நிற்கும்போது எதிர்ப்பக்கம் பஃபரை 64 கேபியாகச் சுருக்கினால் விடை மைனஸ் 136 கேபி. மைனஸ் எண்ணை வைக்க முடியாத, குறியற்ற 32 பிட் மாறியில் அது சுமார் 429 கோடி பைட்டாகத் தெரியும். தடுப்பே இல்லாமல் போய்விடும். அனுப்பியது எவ்வளவு, எதிர்ப்பக்கம் படித்தது எவ்வளவு என்று எண்ணும் இரண்டு கவுண்டர்களும் உச்சம் தொட்டதும் பூஜ்யத்துக்குச் சுற்றி வருவதால் அவற்றுக்கிடையே கழிப்பது மட்டும் 32 பிட்டில் சரி. அந்த விடையை பஃபர் அளவிலிருந்து கழிப்பதை 64 பிட் குறியுள்ள எண்ணில் செய்து, பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் தர வேண்டும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய கவலை: பஃபர் அளவைச் சொல்வது கெஸ்ட். நம்ப முடியாத கெஸ்ட் பெரிய எண்ணைச் சொல்லிவிட்டுப் படிக்காமலே இருந்தால், வரிசையில் தேங்குவது ஹோஸ்டின் மெமரி. தன் சொந்த பஃபர் அளவையும் ஹோஸ்ட் உச்சவரம்பாக வைப்பது நல்லது.

சோதிக்க விஎம் தேவையில்லை. அதே கணினிக்குள்ளேயே இணைக்கும் வி-சாக் லூப்பேக் மாட்யூலை ஏற்றி, சிஐடி (வி-சாக் முகவரி எண்) 1-க்கு இணையுங்கள் (ஹோஸ்டுக்கு 2, கெஸ்ட்களுக்கு 3 முதல்). படிக்கும் பக்கம் ரீட் செய்யாமல் நிறுத்தி, பாதியில் பஃபரைச் சுருக்குங்கள். 256 கேபிக்கு மேல் வேண்டுமென்றால் உச்ச அளவை முதலில் உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் கர்னல் சத்தமில்லாமல் வெட்டிவிடும்.