18650 பேக்: ஃபிஷ் பேப்பரா, காப்டன் டேப்பா?

தூண்டில்காரன்:
வணக்கம். சிங்கப்பூர் பிடோக் படகுத்துறையில் இரவு மீன்பிடிக்கும்போது எல்இடி விளக்கு எரிய ஒரு பேட்டரி பேக் செய்கிறேன். எட்டு 18650 செல்கள் (உருளை வடிவ லித்தியம்-அயன் செல்), இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் நான்கு ஜோடி, ஜோடிகள் ஒன்றோடொன்று தொடர் இணைப்பு. நிக்கல் பட்டை வெல்ட் செய்த பிறகு பார்த்தால், ஒரு செல்லின் பிளஸ் முனை ஓரத்தில் பிளாஸ்டிக் உறை அமுங்கியிருக்கிறது. மீட்டரில் வோல்ட் சரியாகத்தான் இருக்கிறது. மேலே காப்டன் (சூடு தாங்கும் மெல்லிய பிளாஸ்டிக் டேப்) ஒட்டினால் போதுமா? ஜோடிகளைச் சதுரமாக மடக்கி, கறுப்பு டேப் சுற்றிவிடலாம் என்று நினைக்கிறேன்.

ஈயப்பற்று:
அண்ணே, அப்படியே மூடிவிடாதீர்கள். அந்தச் செல்லின் உலோகக் கூடு முழுக்க மைனஸ். பிளஸ் குமிழைச் சுற்றியுள்ள விளிம்பும் மைனஸ்தான். அதன்மேல் இருப்பது மெல்லிய பிவிசி உறை மட்டுமே. பட்டையின் ஓரம் அதை அறுத்தால் செல் அங்கேயே ஷார்ட். அந்த மின்னோட்டம் பிஎம்எஸ் (பேக்கைக் காக்கும் மின்சுற்றுப் பலகை) வழியாகப் போவதில்லை, அதனால் அது தடுக்கவும் முடியாது. இன்றைக்கு வோல்ட் சரியாக வருகிறது என்றால் உறை இன்னும் அறுபடவில்லை, அவ்வளவுதான்.

காப்டன் 260 டிகிரி வரை சூடு தாங்கும், ஆனால் பெரும்பாலும் 25 மைக்ரான் தடிமன்தான். கூரான ஓரம் குத்தினால் கிழியும். பட்டையை எடுத்து, உறை மாற்றி, குமிழைச் சுற்றி ஃபிஷ் பேப்பர் (மின்சாரம் கடத்தாத கெட்டித் தாள்) வளையம் ஒட்டி, அதன் மேல் பட்டையை வைத்துக் குமிழில் வெல்ட் செய்யுங்கள். பட்டையைப் பிரிக்கும்போது குமிழோ கூடோ ஓட்டையானால் அந்தச் செல்லை ஒதுக்கிவிடுங்கள்.

ஜூரோங் பட்டறை:
மேலே சொன்னது முழுக்கச் சரி. சதுரமாக மடக்கினால் முதல் ஜோடியும் நான்காவது ஜோடியும் பக்கத்தில் வந்துவிடும். முழு சார்ஜில் இரண்டு கூடுகளுக்கும் நடுவே 12.6 வோல்ட். அங்கே ஃபிஷ் பேப்பரைவிட எஃப்ஆர்4 (கண்ணாடியிழை) தகடு நல்லது. ஃபிஷ் பேப்பர் ஈரம் இழுக்கும். கடல் காற்றில் வைக்கும் பேக் இது. கறுப்பு டேப் வேண்டவே வேண்டாம், சூட்டில் பசை வழிந்து வழுக்கும். பிளாஸ்டிக் செல் ஹோல்டரில் மாட்டி, மேலே அகலமான ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் உறை) போடுங்கள், அப்புறம் மூடியுள்ள பெட்டி.

தூண்டில்காரன்:
நன்றி. சதுரம் வேண்டாம், நேர்வரிசையாகவே அடுக்குகிறேன். வளையங்கள் எங்கே கிடைக்கும்?

ஈயப்பற்று:
சிம் லிம் டவர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வளையம் இல்லாவிட்டால் பசையுள்ள தாள் வாங்கி நாமே வெட்டிக்கொள்ளலாம்; ஓட்டை குமிழ் மட்டும் தெரியும் அளவு இருக்கட்டும். வீவக அடுக்குமாடி வீட்டில் சார்ஜ் போடும்போது வாசல் பக்கம் வைக்காதீர்கள், ஏதாவது ஆனால் வெளியேற வழி அதுதான். போட்டுவிட்டுத் தூங்கவும் வேண்டாம். இந்த பேக்கை மின்ஸ்கூட்டரில் மாட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். மின்ஸ்கூட்டருக்கு யுஎல்2272 என்ற தீப்பாதுகாப்புச் சான்று வேண்டும்.