உதவி: புதிய ரகசியச் செயலி ‘சாவி உருவாகிறது’ என்ற இடத்திலேயே நிற்கிறது

முகப்புத்தூண் (காரைக்குடி):
அவசரம். பங்காளிகள் அனைவரும் இன்று இரவுக்குள் இந்த ரகசியச் செய்திச் செயலிக்கு மாற வேண்டும். எனக்கு மட்டும் ‘சாவி உருவாகிறது’ என்று முக்கால் மணி நேரமாகச் சக்கரம் சுற்றுகிறது. இரண்டு முறை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் அதே கதை. என்ன செய்யலாம்?

ரஸ்தாக்காரன்:
எந்தச் செயலி? எந்தக் கைப்பேசி? பிளே ஸ்டோரில் எடுத்ததா?

வெள்ளைப்பணியாரம்:
பேட்டரி சேமிப்பை அணைத்துப் பாருங்கள். என் அனுபவத்தில் எல்லாக் கோளாறுக்கும் அதுதான் காரணம். கைப்பேசி மாடல் என்ன?

பேரேடு:
இங்கே கேள்வி கேட்பதற்கு முன் விவரம் தர வேண்டும் என்று எத்தனை தடவை எழுதுவது? நாங்கள் என்ன குறியா சொல்கிறோம்?

முகப்புத்தூண்:
மன்னிக்கவும். கோலாலம்பூரில் இருக்கும் தம்பி வாட்ஸ்அப்பில் எபிகே கோப்பாக (பிளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாக நிறுவுவது) அனுப்பினான். யாரோ தனியாள் எழுதியதாம், பெயர் தெரியாது. பொது வீட்டை விற்கும் பேச்சு நடக்கிறது. வெளியே கசிந்தால் பத்திரம் எழுதும் முன்பே பழம்பொருள் வியாபாரிகள் பர்மாத் தேக்குத் தூணுக்கு விலை சொல்ல வந்துவிடுவார்கள்.

பேரேடு:
ரகசியச் செயலி வாட்ஸ்அப்பில் வந்ததா? நன்று. அந்த வாட்ஸ்அப்பிலேயே 2016 முதல் முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாத பூட்டு) இருக்கிறது ஐயா. கசிவது பங்காளிகள் வாயிலிருந்து. அதற்குச் செயலி கிடையாது.

ஆத்தங்குடிக்கல்:
தனியாள் என்றால் இளக்காரமா? 1991-இல் மின்னஞ்சலைப் பூட்டும் பிஜிபியை எழுதியவர் ஃபில் சிம்மர்மன் என்ற ஒருவர். விபிஎன் மென்பொருளான வயர்கார்டும் ஒருவர் தொடங்கியதுதான். 2020-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது.

ரஸ்தாக்காரன்:
அந்த இருவரும் மூல நிரலை, அதாவது மென்பொருள் எழுதப்பட்ட வரிகளை, பொதுவில் வைத்தார்கள், ஊரே பிரித்துப் பார்த்தது. இங்கே மூல நிரலும் இல்லை, எழுதியவர் முகவரியும் இல்லை. ‘அனோம்’ நினைவிருக்கிறதா? ரகசியக் கைப்பேசி என்று குற்றக் கும்பல்கள் நம்பி வாங்கின, நடத்தியது எஃப்பிஐ. 2021-இல் எண்ணூறு பேருக்கு மேல் சிக்கினார்கள்.

வெள்ளைப்பணியாரம்:
நிரலை வெளியே வைப்பது திருடனுக்கு வழி காட்டுவதாகாதா?

ஆத்தங்குடிக்கல்:
திண்டுக்கல் பூட்டின் உள்ளமைப்பு அதைச் செய்யும் தெருவுக்கே தெரியும். சாவி இல்லாமல் திறந்துவிடுவார்களா? மறையாக்க அறிஞர் கெர்க்காஃப்ஸ் 1883-லேயே சொன்னது: முறை எதிரி கையில் கிடைத்தாலும் கெடுதல் வரக்கூடாது, சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும்.

பேரேடு:
பூட்டுப் புராணம் போதும். எங்கள் முகப்புக் கதவுச் சாவி ஒரு சாண் நீளம். அதையே அப்பத்தா எங்கே வைத்தார் என்று இன்றுவரை தேடுகிறோம்.

ரஸ்தாக்காரன்:
முகப்புத்தூண், இரண்டு விஷயம் பாருங்கள். சிக்னலிலும் வாட்ஸ்அப்பிலும் ஒவ்வொரு தொடர்புக்கும் அறுபது இலக்க எண் இருக்கும். இருவரும் படித்து ஒப்பிட்டால் நடுவில் ஒட்டுக்கேட்கும் ஆள் இல்லை என்று தெரியும். இதில் அப்படி உண்டா? அடுத்து, அமைப்புகளில் என்னென்ன அனுமதி கேட்டிருக்கிறது?

முகப்புத்தூண்:
எண் எதுவும் இல்லை. தம்பி அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் ஒரு பூட்டுப் படம் மட்டும் இருக்கிறது. அனுமதி: தொடர்புகள், மைக், எஸ்எம்எஸ் படிக்க, அணுகல்தன்மைச் சேவை.

ரஸ்தாக்காரன்:
எஸ்எம்எஸ்ஸும் அணுகல்தன்மையுமா! வங்கி ஓடிபியைப் படிக்கவும், திரையில் தெரிவதைப் பார்க்கவும் வழி கொடுத்திருக்கிறீர்கள். இணையத்தைத் துண்டியுங்கள், அந்த அனுமதிகளை எடுத்துவிட்டு நீக்குங்கள். பிறகு வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். தம்பிக்கும் சொல்லுங்கள்.

முகப்புத்தூண்:
நீக்கிவிட்டேன். தம்பி கோபித்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை முகப்பில் உட்கார்ந்து நேரிலேயே பேசிக்கொள்வதாக முடிவு.

வெள்ளைப்பணியாரம்:
கைப்பேசி மாடலை இன்னும் சொல்லவில்லையே?