புது டீம் லீடுக்கு ஏஐ பயிற்சி: கைகொடுக்குமா, கெடுக்குமா? பட்டறை, அளவுகோல், தரவு என்ற மூவரின் விவாதம்

பட்டறை:
புதுசா டீம் லீட் ஆனவங்க முதல்ல திணறுற இடம் ஒண்ணுதான். நேத்து வரைக்கும் ஒண்ணா டீ குடிச்சவர்கிட்ட இன்னைக்கு "வேலை தள்ளிப்போகுது"ன்னு சொல்லணும். 2 நாள் வகுப்புல ஸ்லைடு காட்டி இதைக் கத்துக்கொடுக்க முடியாது, வாய்விட்டுப் பேசிப் பழகணும். ஆளுக்கு ஆள் ஜோடி சேர்த்துவிட்டா கூச்சத்துல சீக்கிரமே முடிச்சுக்குவாங்க. சாட்பாட்டை எதிராளியா வெச்சா ஒரே பேச்சைப் பத்து தடவை மாத்தி மாத்திப் பேசலாம். 360 டிகிரி பின்னூட்டத்தை, அதாவது மேலதிகாரி, சக ஊழியர், கீழே வேலை செய்றவங்கன்னு எல்லாரும் ஒருத்தரைப் பத்திச் சொல்ற கருத்தைச் சுருக்கவும் அதையே வெச்சுக்கலாம்னு சொல்றேன்.

அளவுகோல்:
மறுக்கிறேன். இந்த ஏஐ மாதிரிகளுக்கு எதிரில் இருப்பவருக்கு இணங்கிப்போகும் சாய்வு உண்டு. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஜிபிடி-4ஓ மாதிரி எதற்கெடுத்தாலும் ஆமாம் போடத் தொடங்கியதால் ஓப்பன்ஏஐ அந்தப் புதுப்பிப்பையே திரும்பப் பெற்றது. லீட் இரண்டு வரி மென்மையாகப் பேசினால் போதும், "நீங்க சொல்றது நியாயம்தான், மாத்திக்கிறேன்" என்று சாட்பாட் இறங்கிவிடும். நம் அலுவலகங்களில் ஊழியர் "சரிங்க சார்" என்பார், தலையாட்டுவார், மனசுக்குள் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். அந்த "சரி"க்குள் இருக்கும் மறுப்பைக் கண்டுபிடிப்பதுதான் லீடுக்கு வேண்டிய திறமை. சாட்பாட்டோடு பழகியவர் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்.

பட்டறை:
அது நாம சாட்பாட்டுக்குக் குறிப்பு எழுதுற விதத்துல இருக்குங்க. "பிடிவாதமான ஊழியரா நடி"ன்னு ஒத்தை வரி கொடுத்தா இறங்கத்தான் செய்யும். ஆள் யாரு, எத்தனை வருஷ அனுபவம், கடைசி 3 வாரத்துல தேதியோட என்ன நடந்துச்சு, இதெல்லாம் எழுதணும். அதுக்கு மேல, மறைச்சு வெச்ச காரணம் ஒண்ணு: அம்மாவை வாரம் ரெண்டு நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறார், யார்கிட்டயும் சொல்லலை. கடைசியா விதி: "ஆமா, இல்லைன்னு முடிக்க முடியாத கேள்வி ரெண்டு வர்ற வரைக்கும் காரணத்தைச் சொல்லாதே. அதட்டினா 'சரிங்க சார்'னு சொல்லிட்டு அடங்கிடு." நீங்க பயப்படுற அந்தச் "சரி"யையே பாடமாக்கிடலாம்.

லீட் எப்படிப் பேசினார்ங்கிற மதிப்பீட்டை அதே உரையாடல்ல கேட்கவே கூடாது. புது சாட் திறந்து, பேசினதைப் பேரை எடுத்துட்டு ஒட்டணும். மார்க் கேட்டா தாராளமா போட்டுடும். எந்த வரி ஆளைப் பத்தின தீர்ப்பு, எந்த வரி நடந்ததைச் சொல்லுதுன்னு பிரிச்சுக் காட்டச் சொல்லணும்.

அளவுகோல்:
மறைந்த காரணம் நல்ல யோசனை, ஏற்கிறேன். ஆனால் பின்னூட்டம் என்றாலே பலன்தான் என்று எண்ணிவிட முடியாது. ஆய்வாளர்கள் குளூகரும் டெனிசியும் 1996-ல் பழைய ஆய்வுகளிலிருந்து 600-க்கு மேற்பட்ட அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியில் செயல்திறன் கூடியது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றில் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு "நான் எப்படிப்பட்டவன்" என்பதற்குத் திரும்பும்போது பின்னூட்டம் கெடுக்கிறது என்பது அவர்கள் விளக்கம். ஏஐ எழுதும் அறிக்கையோ "உங்களிடம் பரிவு குறைவு" என்று நேரே அங்கேதான் போகிறது.

பட்டறை:
அதனாலதான் அந்த மாதிரி வாக்கியத்தையே தடை பண்ணணும்னு சொல்றேன். "நீங்க பொறுப்பில்லாம இருக்கீங்க"ன்னு லீட் சொன்னா, கருவி "உங்களுக்குப் பரிவு இல்லை"ன்னு திருப்பிச் சொல்லக் கூடாது. அந்த வரியைக் காட்டி, இப்படி மாத்தலாம்னு எழுதணும்: "செவ்வாய், வியாழன் ரெண்டு நாளும் சாஃப்ட்வேர் பில்ட் 6 மணிக்கு மேல வந்துச்சு. டெஸ்டிங் டீம் 9 மணி வரை காத்திருந்தாங்க. என்ன நடந்துச்சு?" சூழல், நடத்தை, விளைவு, அப்புறம் கேள்வி.

தரவு:
ஒத்திகை விஷயத்தில் பட்டறை பக்கம். 360 விஷயத்தில் அளவுகோல் பக்கம். ஸ்கலன், மவுண்ட், காஃப் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2000-ல் மேலாளர் மதிப்பீடுகளை ஆராய்ந்தபோது, மதிப்பெண் வேறுபாட்டில் பாதிக்கு மேல் மதிப்பிடுபவரின் தனிச்சாய்விலிருந்தே வந்தது. அதை ஏஐ அழகான மூன்று பத்தியாக்கித் தந்தால் சாய்வு போய்விடாது, நம்பகமாகத் தெரியத் தொடங்கும். ஒருவர் மட்டும் சொன்ன குறையும் "குழுவினர் கருதுகிறார்கள்" என்று மாறிவிடும். ஒவ்வொரு கருத்துக்கும் எத்தனை பேர் சொன்னார்கள் என்ற எண்ணிக்கை இருக்க வேண்டும், அதையும் மூலத்தோடு ஒருவர் ஒப்பிட வேண்டும். மூன்று பேருக்குக் குறைவாகச் சொன்னதை வெளியே காட்டக் கூடாது. கருத்துச் சொன்னவரின் வார்த்தைகளை அப்படியே காட்டவும் வேண்டாம். "லாஸ்ட் மினிட் மகாராஜா" என்று எழுதியது யார் என்று குழுவுக்கே தெரியும்.

முகபாவம், குரல் நடுக்கம் பார்க்கும் கருவிகளை வாங்கவே வேண்டாம். பணியிடத்தில் உணர்ச்சியை ஊகிக்கும் ஏஐக்கு, மருத்துவம், பாதுகாப்பு தவிர, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 பிப்ரவரி 2 முதல் தடை.

அளவுகோல்:
ஒத்திகைப் பதிவு எங்கே போகும் என்று இருவருமே சொல்லவில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. தவறை வெளியே சொல்லலாம் என்ற நம்பிக்கை இருக்கும் குழுவில்தான் கற்றல் நடக்கிறது என்று ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1999-ல் காட்டினார். பதிவு அப்ரைசலுக்குப் போகும் என்று தெரிந்தால் லீட் பாதுகாப்பான வசனம் மட்டுமே பேசுவார்.

பட்டறை:
பதிவு லீட் கையில மட்டும், 30 நாள்ல அழிப்பு. மேலாளருக்கும் மனிதவளத்துறைக்கும் எத்தனை தடவை பழகினார்ங்கிற எண்ணிக்கைகூடப் போகக் கூடாது.

அளவுகோல்:
எண்ணிக்கையும் போகாது என்றால் சரி. நிறுவனக் கணக்கில் நடத்தினால் அட்மினுக்கு உரையாடல் தெரியுமா என்பதை முதலில் பாருங்கள். தெரியும் என்றால், என் எதிர்ப்பு அப்படியே நிற்கிறது.